மிஸ் ஓப்பல் நிறுத்திய ஜெபம்

கென்டக்கி மலையில் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஓப்பல் ஸ்டிடம். பக்கத்து அறையில் நான் பாடம் நடத்தினேன். நடுவில் பலகைச் சுவர்தான் என்பதால், காலையில் அவள் பிள்ளைகளோடு ஜெபிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஞாயிற்றுக்கிழமை பாப்டிஸ்ட் சபையில் பியானோ வாசிப்பாள். பிள்ளைகளின் சோள ரொட்டியில் பங்கு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, தன் சாப்பாட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்று மார்ச்சில் சுரங்கத்தில் வாயு வெடித்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ரீத்தா நேப்பியரின் அப்பாவும் ஒருவர். ரீத்தா ஓப்பலின் வகுப்பு. அம்மா சுரங்க வாசலிலேயே காத்துக்கிடந்ததால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஓப்பல் வகுப்பையே கைகோத்து நிற்கவைத்து ஜெபித்தாள். பிறகு ரீத்தாவின் முன்னால் மண்டியிட்டு, "அப்பா வந்துருவார்டா கண்ணு. நாம எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்கோம்ல" என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிணங்களை மேலே கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய ரீத்தா ஜெப நேரத்தில் எழுந்திருக்கவில்லை. ஓப்பல் பக்கத்தில் போனதும் மெதுவாகக் கேட்டாளாம்: "டீச்சர், அன்னிக்கு ஜெபத்துக்கு நடுவுல நான் கண்ணத் திறந்துட்டேன். அதனாலதான் அப்பா வரலையா?"

இல்லவே இல்லை என்று ஓப்பல் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை நம்பவில்லை. மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் ஜெபம் இல்லை. நேரே கணக்குப் பாடம்.

அந்தக் கோடையில், அரசுப் பள்ளிகளில் ஜெபம் நடத்தக் கூடாது என்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. ஊர் கொதித்தது. கோர்ட் என்ன சொன்னாலும் சரி, ஆசிரியர்கள் நடத்தியே ஆகவேண்டும் என்று எங்கள் பள்ளி வாரியம் முடிவெடுத்தது. ஓப்பலைக் கூப்பிட்டு விசாரித்தபோது மற்ற ஆசிரியர்கள் நாங்களெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வாரியத் தலைவர் ஹோபர்ட் சைஸ்மோர் அவளைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர்.

"ஏம்மா, நீயும் அந்தக் கோர்ட்டுக்காரங்க கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல ஹோபர்ட். வீட்ல தினமும் வேண்டிக்கத்தான் செய்யறேன். ஆனா ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்ற அதே வாயால, உங்கப்பா வந்துருவார்னும் சொல்லிட்டேன். டீச்சர் சொன்னா நடக்கும்னு பிள்ளைங்க நம்புதுங்க. நடக்கலன்னா, தப்பு தங்களோடதுன்னு நெனைச்சுக்குதுங்க. இனிமே அங்க நின்னு என்னால வேண்ட முடியாது."

ஹோபர்ட் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியும் அதே வெடிப்பில் போனவர். "அதுங்களுக்கு அந்த ஜெபம் ஒண்ணுதாம்மா மிச்சம் இருக்கு" என்றார்.

ஓப்பலின் வேலை போயிற்று. சபையில் பியானோவுக்கு வேறு ஆள் வந்தாள். ஓப்பல் பக்கத்து ஊர்ச் சலவைக்கடையில் சேர்ந்தாள். ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். என்னைத் தவிர யாரும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

இலையுதிர்காலத்தில் ரீத்தாவின் அம்மா தொழிற்சாலை வேலை தேடிப் பிள்ளைகளோடு ஒஹையோவுக்குக் கிளம்பினாள். ஓப்பல் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், உன்மேல் தப்பே இல்லை என்று பிள்ளையிடம் மறுபடியும் சொல்லிவிட்டு வந்தாள். ரீத்தா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"தலையாட்டுச்சு. நான் வருத்தப்படக் கூடாதேன்னு ஆட்டுச்சு."