கப்பல்காரர் ஜெயசீலன்

புனேயில் வானவடிப் பக்கம் வந்து ஜெயசீலன் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கப்பல்காரர் வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். புனேயில் கடல் கிடையாது. ஜெயசீலன் கப்பலில் வேலை பார்த்தவரும் கிடையாது. 2007 ஜனவரி வரைக்கும் அவர் கப்பலுக்குள் கால் வைத்தவர்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஜெயசீலன் பிறந்தது, வளர்ந்தது, மரியம்மாளைக் கட்டிக்கொண்டது எல்லாமே புனேயில்தான். தமிழில் ஜெபம் செய்வார், இந்தியில் பேரம் பேசுவார், கோபம் வந்தால் மராத்திக்கு மாறிவிடுவார். 1985இல் தளேகாவில் ஒரு பல்பு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தினமும் லோக்கல் ரயிலில் போய், வைக்கோல் திணித்து, பெட்டி கட்டி, மேலே சிவப்பு மையில் ‘கண்ணாடி, ஜாக்கிரதை’ என்று அச்சுக் குத்தி அனுப்ப வேண்டும். பதிமூன்று வருஷத்தில் அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூட வழியில் பிரிந்ததில்லை. உள்ளே பல்பு உடைந்திருக்கலாம். அதற்கு அவர் பொறுப்பில்லை.

1998இல் கம்பெனியை மூடினார்கள். மெஷின்களை குஜராத்தில் யாரோ வாங்கியிருந்தார்கள். அவற்றைக் கட்டி லாரியில் ஏற்ற நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று ஜெயசீலனை மட்டும் கூடுதலாக ஒரு மாதம் வைத்துக்கொண்டார்கள். அதைத் தனக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். தன்னுடைய வேலையைத் தானே பத்திரமாகக் கட்டி அனுப்பிவைத்த பிறகு, புனேயின் கேம்ப் பகுதியில் பத்ரிநாத் நடத்திவந்த டிராவல்ஸ் ஆபீஸில் சேர்ந்தார்.

பத்ரிநாத்தின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கேம்பில் இருக்கிறது. முதலில் திருப்பதி, ஷீரடி என்று பஸ் விட்டுக்கொண்டிருந்தார். மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல் ஒன்று ஓட ஆரம்பித்ததும் அதற்கு டிக்கெட் விற்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்காரர்கள். மூன்று ராத்திரிப் பயணத்துக்கு ஆளுக்கு மூன்று பெட்டி கொண்டுவருவார்கள்.

அந்தப் பெட்டிகள் ஜெயசீலன் பொறுப்பு. கப்பல் ஏறும் நாள் காலை ஆறு மணிக்கு ஆபீஸ் வாசலில் பெட்டிகள் வந்து குவியும். ஒவ்வொன்றிலும் கேபின் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி, புனேப் பெட்டி என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக ஒரு முழம் பச்சை ரிப்பனை இரட்டை முடிச்சுப் போடுவார். ரிப்பன் அவருடைய சொந்த யோசனை. கட்டிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், தண்ணி காய்ச்சுற ராடு, பாட்டில் எதுவும் இருக்கா? கப்பல்ல நெருப்புக்கு பயம். இருந்தா இங்கயே எடுத்துடுங்க.” எல்லாரும் இல்லை என்பார்கள். துறைமுகத்தில் எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது என்று சொல்லுவார். பிறகு நாலைந்து பேர் ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறப்பார்கள்.

பயணிகள் பஸ்ஸில் போவார்கள். ஜெயசீலன் பெட்டிகளோடு டெம்போவில் முன்னதாகப் போய்விடுவார். மும்பைத் துறைமுகத்துக் கொட்டகையில் சுமை தூக்கும் ஹமால்கள் பெட்டிகளை இறக்கி பெல்ட்டில் வைக்க, ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே அனுப்புவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. கப்பலை அவர் முழுசாகப் பார்த்ததில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றால் அது வெறும் வெள்ளைச் சுவர்தான்.

இதை ஆரம்பத்தில் வானவடியில் உள்ளபடியே சொல்லிப்பார்த்தார். ஒருத்தரும் கேட்கத் தயாராக இல்லை. “மறைக்கிறாருப்பா” என்றார்கள். சர்ச்சில் பாட்டுக்குழு பாஸ்கர், “உள்ள நீச்சல் குளம் இருக்காமே, கப்பல் ஆடுனா தண்ணி கொட்டாதா?” என்று கேட்டபோது, ஆபீஸில் கட்டுக்கட்டாகக் கிடந்த விளம்பரப் புத்தகம் ஜெயசீலன் ஞாபகத்துக்கு வந்தது. “கொட்டாது. அதுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. மேஜிக் ஷோ, கேப்டனோடு விருந்து, எட்டாம் மாடியில் சூரியன் மறைவது என்று புத்தகத்தில் பக்கவாரியாக இருந்ததையெல்லாம் பக்கவாரியாகச் சொன்னார். மரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பொய் சொல்லுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அச்சில் இருந்ததைத்தானே சொன்னார்.

ஜனவரிப் பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு தம்பதி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. பத்ரிநாத் அரை மணி நேரம் எங்கெங்கோ போன் போட்டுப் பார்த்தார். எவரும் அகப்படாத பிறகுதான் அவருடைய மனசு இளகியது.

“ஜெயசீலா, எவ்ளோ வருஷமா உழைக்கிறே. நீயும் உன் சம்சாரமும் போயிட்டு வாங்க. என் கிஃப்ட். அவ்ளோதான், அப்படியே பெட்டி வேலையையும் பாத்துக்கோ.”

மரியம்மாள் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரே நாளில் லீவு சொல்லி, பக்கத்து வீட்டு மும்தாஜிடம் சக்கரம் வைத்த நீலப் பெட்டியை இரவல் வாங்கி, அதை நிரப்பியும் விட்டாள். “என்னென்ன வெச்சே?” என்று ஜெயசீலன் கேட்கவில்லை. அவருக்கு மற்றவர்களுடைய பெட்டிகளைப் பற்றிய கவலை.

கப்பல் ஏறும் அன்றைக்கு நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகள். ஸ்ரீவித்யா என்ற சென்னைப் பெண் மட்டும் நான்கு கொண்டுவந்திருந்தாள். வானவடியில் புது அடுக்குமாடிக்கு வந்தவள். புருஷன் ஸ்ரீநிவாசன் ஒதுங்கி நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். ஜெயசீலன் அவளிடம் இரண்டு தடவை கேட்டார். காரணம், பெட்டியைத் தூக்கும்போது உள்ளே ஏதோ மூடி கிலுகிலுத்தது.

“சத்தியமா ஒண்ணும் இல்ல சார். கொழந்தையோட பொம்மை” என்றாள்.

“மேடம், பொம்மைக்கு வயர் இருந்தா எடுத்துடுங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயசீலன் ரிப்பனை ஒரு சுற்று அதிகமாகவே இறுக்கினார்.

டெம்போ தளேகாவைத் தாண்டும்போது பழைய கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஜெயசீலன் டிரைவரிடம் வழக்கம்போல அதைக் காட்டினார். டிரைவரும் வழக்கம்போலத் தலையாட்டினான். மும்பையில் நூற்றுப் பதினெட்டையும் எண்ணி அனுப்பிவிட்டு, வேர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு, பஸ்ஸில் வந்து இறங்கிய மரியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஜெயசீலன் கப்பல் ஏறினார். வாசலில் இருந்த பெண் குனிந்து வணங்கியபோது, வேறு யாரையோ வணங்குகிறாள் என்று அவர் விலகி நின்றார்.

சாயங்காலத்துக்குள் கேபின் வாசல்களில் பெட்டிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. பச்சை ரிப்பன்களைப் பார்த்தபடி ஜெயசீலன் அந்த நடையில் இரண்டு தடவை போய்வந்தார். அவருடைய கதவுக்கு முன்னால் இன்னும் ஒன்றும் இல்லை. ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கியில் அவர் பெயரும் கேபின் நம்பரும் வந்தன. உடனே மூன்றாம் தளத்துக்கு வரவும்.

“அட்டை கிழிஞ்சிருக்கும். அவங்களுக்குக் கட்டத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மரியம்மாள் சும்மா இருந்ததை அவர் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாம் தளத்தில் ஒரு சின்ன அறை. நீளமான மேஜைமேல் கெட்டில்கள், ராடுகள், துணியில் சுற்றிய பாட்டில்கள். எதிரே திருமண வரவேற்பில் நிற்பதுபோல நல்ல உடுப்பில் ஒரு வரிசை. வரிசையின் தொடக்கத்தில் ஸ்ரீவித்யா. அவளுக்கு முன்னால் வெள்ளை ரைஸ் குக்கர். ஜெயசீலனைப் பார்த்ததும் அவள் முகம் செத்தது. தன்னைத் திட்டத்தான் கீழே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

நேபாளி காவலர் நீலப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். “ஆப்கா?” உங்களுடையதா என்று கேட்டார்.

ஜெயசீலன் பூட்டைத் திறந்தார். மரியம்மாளின் பட்டுப் புடவைக்கும் அவருடைய வெள்ளைச் சட்டைக்கும் நடுவில், துண்டில் சுற்றிப் பக்குவமாக வைத்திருந்தது வீட்டு இஸ்திரிப் பெட்டி.

“மை நஹீ ரக்கா” என்றார் ஜெயசீலன். நான் வைக்கவில்லை. ஆபீஸ் வாசலில் மாட்டிக்கொள்ளும் அத்தனைபேரும் அவரிடம் சொல்லுகிற அதே வார்த்தை. காவலர் முகத்திலும் ஜெயசீலன் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அதே முகம்.

ஸ்ரீவித்யாவுக்கு உயிர் வந்தது. “சார், என்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டீங்களே. ஆத்துல ஒரு வாட்டி கேட்டிருக்கலாமோன்னோ?” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வரிசையில் பாதிப்பேர் புனேக்காரர்கள். அவர்களும் மரியாதையாகத்தான் சிரித்தார்கள்.

இஸ்திரிப் பெட்டியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் ஒரு திறந்த கதவு. அதற்கப்பால் ஊழியர்களின் அகலமான நடை, இரும்புக் கூண்டுகளில் மிச்சப் பெட்டிகள். முப்பது வயதுக்காரன் ஒருவன் கையில் கத்தியோடு உட்கார்ந்து பச்சை ரிப்பன்களை அறுத்துக்கொண்டிருந்தான்.

“ஏய், அதை ஏம்பா அறுக்கிறே?” என்றார் ஜெயசீலன், தமிழில்.

அவன் நிமிர்ந்தான். நிர்மல் என்று சட்டையில் பெயர் இருந்தது. தூத்துக்குடிக்காரன். “தமிழா சார்? புனேயா? எவன் சார் இதைக் கட்டுதான் அங்க? வால் ரோலர்ல மாட்டி பெல்ட் நின்னு போவுது. உங்க ஊர் பெட்டி வர்ற அன்னைக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் லேட்டு. ரெட்ட முடிச்சு வேற. பாவி, நகத்தால அவுக்க முடியாது, கத்திதான்.”

ஜெயசீலன் அறுந்து கிடந்த ரிப்பன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “கட்டினது நான்தான்” என்றார்.

நிர்மல் எழுந்து நின்றான். மன்னிப்புக் கேட்கப்போனவனை ஜெயசீலன் கையமர்த்தினார். “ரோலர் எந்தப் பக்கம் இழுக்குது? காட்டு” என்றார். பயணிகள் அங்கே நிற்கக் கூடாது என்று நிர்மல் சொல்லிப் பார்த்தான். அவரா பயணி? தரையில் உட்கார்ந்து அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். ஐம்பது ரிப்பனாவது இருக்கும். தான் போட்ட முடிச்சு எவ்வளவு பொல்லாதது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டாம் மாடிக்கு ஏறி வந்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. மரியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் மரியா வெச்சே?”

“கேப்டன் கூட சாப்பாடுன்னு அந்த புக்குல போட்டிருந்துதே. கசங்கின சட்டையோடயா போவீங்க?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“ஊரெல்லாம் கேக்கறீங்க. என்னைக் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

விருந்துக்கு ஜெயசீலன் கசங்கின சட்டையோடுதான் போனார். கேப்டன் தூரத்தில் ஒரு தடவை கையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயசீலனுடைய சட்டை எப்படியிருந்தது என்று அங்கே எவரும் பார்க்கவில்லை.

மிச்ச நாட்களில் மரியம்மாள் கப்பலை ஒரு இண்டு இடுக்கு விடாமல் சுற்றினாள். கோவாவில் இறங்கி மாதா கோயிலுக்குப் போனாள், மேஜிக்காரன் கூப்பிட்டதும் மேடையேறிச் சீட்டு எடுத்தாள், ஸ்ரீவித்யாவின் குழந்தையை வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். ஜெயசீலன் கூடவே போனார். போகிற இடத்திலெல்லாம் தள்ளுவண்டிகளையும் கதவு அகலங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும் நாளில் பெட்டியை மற்றவர்களைப்போல வாசலில் வைக்க மனசு வரவில்லை. தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். கொட்டகையில் முன்பின் பார்த்திராத ஒரு ஹமால் ஓடிவந்து, “சாப், தீஜியே” என்று கை நீட்டினான். ஜெயசீலன் யோசித்தார். மரியம்மாள், “குடுங்க, சாப்” என்றாள். கொடுத்தார். ஆனால் டெம்போ வரைக்கும் பின்னாலேயே போய், கைப்பிடியைப் பிடிக்காதே, அடியைப் பிடி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ரிப்பனை நிறுத்திவிடலாம் என்று ஆபீஸில் சொன்னபோது பத்ரிநாத் பதறினார். “அரே, அது நம்ம அடையாளம். புது நோட்டீஸ்ல போட்டோவே போட்டிருக்கேன்.” ஆகவே ரிப்பன் இருந்தது. ஜெயசீலன் வாலைக் குட்டையாக வெட்டி, நுனியைக் கைப்பிடிக்குள் மடித்துச் செருகினார். பெல்ட் அதற்குப் பிறகு நின்றதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கப்பல் ஓடுவது நின்றுபோகும் வரைக்கும் இந்த மாற்றத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆனால் வானவடியில் நிலைமை மாறிவிட்டது. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் எல்லாரும் ஜெயசீலனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ரோலரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இரும்புக் கூண்டுகள், ஒரு கூண்டுக்கு எத்தனை பெட்டி, லிஃப்டுக்குள் அது எப்படித் திரும்புகிறது. முதல் தடவையாகக் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறோம் என்ற நிறைவு அவருக்கு. பாஸ்கர் கொட்டாவி விட்டான். ஐந்து நிமிஷத்தில் கூட்டம் மரியம்மாள் பக்கம் நகர்ந்துவிட்டது.

அவள் முதல் நாள் சூரியன் கடலில் இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் முதலில் பித்தளையாகவும் பிறகு செம்பாகவும் மாறியதாம். அப்போது ஒரு பறவை எங்கிருந்தோ வந்து கம்பியில் உட்கார்ந்ததாம். ஜெயசீலன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, மற்றவர்களைப்போலவே வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

“அப்ப இவரும் பக்கத்துலதான் நின்னுகிட்டு இருந்தாரு” என்றாள் மரியம்மாள். “கேட்டுப் பாருங்க.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா” என்றார் ஜெயசீலன். “வெள்ளைப் பறவை.”