சந்தேகத்தால் வயலைக் காத்த முத்துக்கருப்பாயி அம்மாள்

சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, ஆலங்குடிப் பாதையில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையால் ஓடும் கரி பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வல்லத்திராக்கோட்டை முத்துக்கருப்பாயி அம்மா தவறிட்டாங்கய்யா. சாயங்காலம் எடுக்கிறாங்களாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

"யார் சொன்னது? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவங்க மக செல்லாயிதாங்க பஸ்ஸ மறிச்சுச் சொல்லுச்சு. நான் எங்கிட்டுப் போய்ப் பாக்குறது?"

சாவுச் செய்தியைக்கூட விசாரித்துத்தான் வாங்கிக்கொள்வது என்ற இந்தப் பழக்கம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. மறைந்த அம்மையாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அறியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், விவசாய இலாகாவில் நான் கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அவற்றில் சில காற்றிலுள்ள சத்தை எடுத்துப் பயிருக்குக் கொடுக்கின்றன என்பது அப்போது எங்களைப் போன்றவர்களுக்குப் புதிதாகக் கிடைத்த உற்சாகம். அந்த உயிர்களைச் சோதனைச் சாலையில் வளர்த்துச் சீசாக்களில் அடைத்து எனக்கு அனுப்பினார்கள். நெல் நாற்றின் வேரை அந்தக் கலங்கல் நீரில் நனைத்து நடவேண்டும். பயிர் தேறுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு ஒரு வயல் வேண்டியிருந்தது.

வல்லத்திராக்கோட்டையில் ஒருவரும் தரவில்லை. கிருமி என்றால் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் வாந்திபேதிதான். என் சீசாவுக்குப் 'பூச்சித்தண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கடைத்தெருவில் நடந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் அம்மையாரே என்னைத் தேடி வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவரை இழந்தவர். கணவர் போன பிறகு பங்காளிகள் வருஷத்துக்குக் கொஞ்சமாக வரப்பை வெட்டி நகர்த்தியதைக் கண்டுபிடித்து, வரப்பின் அடியில் யாருக்கும் தெரியாமல் கல் புதைத்து வைத்து, வரப்பு மறுபடி நகர்ந்ததும் பஞ்சாயத்தில் தோண்டிக் காட்டி நிலத்தை மீட்டவர். அதன் பிறகு அவர் ஒருவரையும் நம்பியதில்லை. தராசை நம்பமாட்டார், சாமியாடியை நம்பமாட்டார், மழை வரும் என்று சொல்லும் மேகத்தையும் நம்பமாட்டார்.

"இதுல ஒங்களுக்கு என்னங்க லாபம்?" என்றார் எடுத்த எடுப்பில்.

"சம்பளம்மா" என்றேன்.

"சரி. சம்பளத்துக்கு வந்தேன்னு சொல்றீங்க. ஊருக்கு நல்லது செய்ய வந்தேன்னு சொல்லியிருந்தா, வரப்பத் தாண்ட விட்டிருக்கமாட்டேன்."

கண்மாய்க்குக் கீழே அவருக்கு அடுத்தடுத்து இரண்டு வயல்கள். ஒன்றில் சீசா நீரில் நனைத்த நாற்று, மற்றதில் நனைக்காத நாற்று என்று நான் விளக்கினேன். எந்த வயலில் எது என்பதைத் தாமே சொல்வதாக அவர் நிபந்தனை போட்டார். நல்ல வயலை நான் எனக்கென்று எடுத்துக்கொள்வேன் என்ற பயம்.

பட்டணத்துக் கல்லூரியிலிருந்து பூதக்கண்ணாடிக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், அவருடைய வயல் மண்ணைக் கரைத்து அதில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"என் கண்ணு ரெப்பை மயிருதான் தெரியுது."

"இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா."

"ஆமா, என்னமோ புள்ளி புள்ளியா நெளியுது." நிமிர்ந்தார். "இது என் வயல்லேருந்து வந்துச்சா, இல்ல ஒங்க கண்ணாடியிலேயே ஒட்டிக்கிட்டு வந்துச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. அவரோ நிதானமாக, "கண்ணுக்குத் தெரியாததச் சொல்லித்தாங்க எல்லாரும் ஏமாத்துறாங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

நடவு நாளில் தொடங்கி நான் ஊருக்குள் வந்தால் போதும், அவர் என் பின்னாலேயே வருவார். நான் வரப்பில் உட்கார்ந்தால் எதிர்வரப்பில் உட்காருவார். தாகம் என்றால் வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் தருவித்துத் தருவார். ஊர் குடிநீர் எடுக்கும் ஊருணிப் பக்கம் என்னைப் போகவிட்டதில்லை. நடவு முடிந்து சீசாவில் மிச்சம் இருந்ததை, "இங்கிட்டுக் குடுங்க" என்று வாங்கித் தம் வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அது உபசாரமல்ல, காவல். எனக்கு அது அவமானமாகவே இருந்தது.

கார்த்திகையில் ஊரில் வாந்திபேதி கண்டது. முதலில் ஒரு கிழவர் இறந்தார், பிறகு ஒரே வீட்டில் இருவர். விஷயம் தெரியாமல் நான் சைக்கிளில் போய் இறங்கினேன். கோயில் முன்னால் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சைக்கிளைப் பிடுங்கி எறிந்தார்.

"ஊருணியில பூச்சித்தண்ணிய ஊத்திப்புட்டு, எத்தனை பேரு செத்தோம்னு எண்ணிப் பாக்கவா வந்தீங்க?" என்று ஊருக்குத் தலைவரான அம்பலம் கேட்டார். அவர் முரடரல்ல. ஆனால் செத்தவர்களில் ஒருத்தி அவருடைய மருமகள். நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. என் சட்டையில் ஒரு கை விழுந்தது. இன்று இங்கிருந்து முழுசாகத் திரும்பமாட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மையார் வந்தார். அவரும் என்னைக் குற்றம் சாட்டத்தான் வருகிறார் என்றே எண்ணினேன். அப்படித்தான் தொடங்கினார்.

"நான் இந்த ஆள நம்பல" என்றார். "ஒங்க எல்லாரையும் விட நாந்தான் இவரச் சந்தேகப்பட்டவ. அதனாலதான் நடவு நாள்லேருந்து இவரு ஊருக்குள்ள வந்தப்பல்லாம் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டிருக்கேன். ஊருணிக் கரையில இவரு ஏறுனதே இல்ல. குடிக்கத் தண்ணிகூட எங்க வீட்டுச் செம்புதான். மிச்சச் சீசா எங்க வீட்டுப் பொட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கு. யாரு வேணும்னாலும் வந்து பாருங்க."

கூட்டத்தில் ஒரு குரல், "அப்ப நீதான் ஊத்துனியோ என்னமோ?" என்றது.

என்னைப் பிடித்திருந்த கை தளர்ந்து, எல்லாப் பார்வையும் அவர்மேல் திரும்பியது. துணையில்லாத பெண். பங்காளிகளும் அதே கூட்டத்தில்தான் நின்றார்கள். அவர் குரல் ஏறவில்லை.

"சீசா இருக்கிற வீட்டுல நானும் எம் மகளும் நல்லாத்தான் இருக்கோம். பூச்சித்தண்ணி பட்ட சேத்துல எறங்கி நட்ட பொம்பளைங்க பத்துப் பேரும் இங்கதான் நிக்கிறாங்க. ஒருத்திக்காவது வந்துச்சா? நோவு வந்தவங்க மூணு பேரும் ஊருணித் தண்ணியக் காய்ச்சாமக் குடிச்சவங்க. அதப் பாக்காம இங்க நின்னு என்ன பண்றீங்க?"

நட்ட பெண்களில் ஒருத்தி, "ஆமா, எங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். அம்பலம் நட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். பிறகு, "கருப்பாயி யாருக்காகவும் பொய் சொல்றவ இல்ல. அவ யாரையும் நம்புறவளும் இல்ல. விடுங்கடா" என்றார்.

சுகாதார ஆட்கள் வந்து ஊருணியில் மருந்து போட்டு ஊசி குத்திய பிறகுதான் நோய் அடங்கியது. ஆனால் அந்தப் போகம் முழுவதும் அம்மையாரின் வயலுக்குக் களையெடுக்க ஒருவரும் வரவில்லை. அவரும் செல்லாயியும் மட்டுமே குனிந்து குனிந்து எடுத்தார்கள். நான் போய் நின்று நன்றி சொன்னேன்.

"எதுக்குங்க நன்றி? ஒங்கள நம்பியா சொன்னேன்? பாத்தேன், பாத்ததச் சொன்னேன். அம்புட்டுத்தான். பாக்காததக் கேட்டிருந்தா, தெரியாதுன்னு சொல்லி ஒங்கள அங்கேயே விட்டிருப்பேன்."

இதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு என் உத்தியோகக் காலத்தில் கிடைக்கவில்லை.

தை அறுவடையில், நனைத்து நட்ட வயலில் நெல் கொஞ்சம் கூடுதலாகக் கண்டது. நான் துள்ளினேன், அம்மையார் துள்ளவில்லை. அந்த வயலுக்குத்தான் கண்மாய் வண்டல் முதலில் பாய்கிறது என்றார். மறுவருஷம் வயல்களை மாற்றி நடச் சொன்னார். மாற்றினோம். இந்த முறை மற்ற வயலில் கூடியது. கூடியதும் அதிகமில்லை, ஆனால் கூடியது. "ரெண்டு தடவ பாத்தாச்சு. இன்னொரு தடவ பாப்போம்" என்றார். மூன்றாம் வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வறண்டது. அதற்குள் யுத்தம் முற்றிவிட்டது. சீசா வருவது நின்றது. எனக்கும் தானியக் கொள்முதல் வேலை கொடுத்துவிட்டார்கள்.

இனிச் சீசா வராது என்று சொல்ல வருத்தத்தோடு போனேன். அம்மையார் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை நிறைய ஈர மண்.

"வராதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஒங்க ஆபீச நம்பியா நான் இருந்தேன்? முதல் வருசமே அறுப்புக்குப் பொறவு அந்த வயல் மண்ண அள்ளி வச்சுட்டேன். வருசா வருசம் தனியா ஒரு நாத்தங்கால்ல தூவிக்கிட்டிருக்கேன். ஒங்க புள்ளிக உசுரோட இருந்தா இந்த மண்ணுலதான இருக்கணும்?"

"இருக்கும்மா" என்றேன்.

"இருக்கும்னு சொல்லாதீங்க. இருந்தா நல்லதுன்னு சொல்லுங்க."

அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போவேன். அவர் பயிர் பச்சையாகவே நின்றது. அது அந்த உயிர்களாலா, அவர் உழைப்பாலா என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். சொன்னால் அவரே ஒப்பமாட்டார். கடைசியாகக் கண்டபோது நெஞ்சுவலி என்றார். டாக்டர் மாத்திரை கொடுத்தாராம். அது சுண்ணாம்பு போல இருக்கிறதே என்று என்னிடம் நீட்டிக் காட்டினார். சாப்பிட்டாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் உடலைக் கொண்டுபோனபோது ஊரே பின்னால் வந்தது. மறுநாள் காலை நான் புறப்பட இருந்தபோது, கூடைகளோடு நாலைந்து பெண்கள் அவருடைய வயல் ஓரத்தில் தயங்கி நின்றார்கள். நாற்று விடும் காலம். செல்லாயி அழுத கண்ணோடு இறங்கி, மண்வெட்டியால் வெட்டி, ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு கை மண் போட்டார். அம்பலத்தின் வீட்டிலிருந்தும் ஒரு கூடை வந்திருந்தது. நானும் என் துண்டை விரித்து நீட்டினேன்.

அன்று பஸ் வரவில்லை. வைக்கோல் வண்டி ஒன்றில் ஏறி வந்தேன். பட்டணத்து எல்லையில், அரிசி கடத்துகிறார்களா என்று வண்டிகளைச் சோதிக்கும் போலீஸ்காரர் என் துண்டு முடிச்சைப் பார்த்துவிட்டார்.

"இதுல என்னங்க?"

"மண்."

"மண்ண யாராச்சும் முடிஞ்சுக்கிட்டு வருவாங்களா? அவுருங்க."

அவிழ்த்தேன். அவர் விரலை ஆழமாக விட்டு, அடிவரை துழாவினார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் காட்டி, அரிசி மணி ஏதாவது தெரிகிறதா என்று கூர்ந்து பார்த்தார். பிறகு ஏமாற்றத்தோடு கையைத் தட்டி உதறினார்.

"உள்ள ஒண்ணும் இல்ல. போங்க" என்றார்.

முடிச்சை மறுபடி கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். போய் வாருங்கள், அம்மா.