செண்பகராஜ் ஆடிய மூணு சீட்டு

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் செண்பகராஜ் அண்ணாச்சியிடம் மனசை மறைத்துக்கொண்டு யாரும் ஆடு விற்றதில்லை. இடைசெவல்காரர், முப்பது வருடத் தரகு. விற்பவரின் கையைத் தன் தோள்துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். விலை பேசுவது விரல்கள்தான். கண் மட்டும் எதிராளியின் முகத்தைவிட்டு நகராது. விலை படிந்துவிட்டால் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு குலுக்கு. துண்டுக்கு வெளியே அவர் முழங்கை ஆடியதும் நான் என் குட்டியானையின் பின்கதவைத் திறந்துவிடுவேன். அவர் வாங்கும் ஆடுகளை ஏற்றுகிற வண்டி என்னுடையது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மகள் முத்துசெல்வி ஒரு சிக்கலைக் கொண்டுவந்தாள். புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கட்டினால் கோகுலகிருஷ்ணனைத்தான் கட்டுவேன் என்றாள். சொந்தக்காரப் பையன், முறையும் சரி. வேலைதான் உதைத்தது. சொகுசுக் கப்பலில், சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுகிறான்.

“சீட்டுக்காரனுக்கு எம்மகளக் குடுக்க மாட்டேன். பத்து விரலும் களவாணி விரலா இருக்கும்,” என்றார் அண்ணாச்சி.

“ஒரு தடவ அவிய வேலையப் பாருங்கப்பா. அப்பவும் வேண்டாம்னா, பொறவு நான் அந்தப் பேச்சே எடுக்கல.”

நெஞ்சழுத்தக்காரி. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோகுல் தன் வேலையை ஆடிக் காட்ட அண்ணாச்சி வீட்டுக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்தார்கள். காசுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. சாட்சிக்கு நான்.

“மாமா, இது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான். மொதல்ல ஒரு கொட்டை வைங்க. ஆளுக்கு மூணு சீட்டு. ஒங்க சீட்டப் பாத்துட்டு வேண்டாம்னா கவுத்திரலாம், வச்சது போயிரும். ஆடுததா இருந்தா இன்னொரு கொட்டை. பொறவு நான் திறப்பேன். எங்கிட்ட ராணியாவது இருக்கணும். அதுக்குக் கீழன்னா, மொதக் கொட்டைக்கு ஒண்ணு தருவேன், ரெண்டாவது கொட்டை ஒங்களுக்கே திரும்பிரும். ராணியோ அதுக்கு மேலயோ இருந்தா, பெரிய சீட்டுக்காரனுக்கு எல்லாம்.”

“மூணு சீட்டுதானலே. நான் ஆடாததா?”

கோளாறு அங்கேதான் தொடங்கியது. சந்தையில் ஆடுகிற மூணு சீட்டில், கையில் ஒன்றுமே இல்லாமல் முறைத்தே எதிராளியை ஓடவைக்கலாம். அண்ணாச்சி ஒன்பது, ஐந்து, இரண்டை வைத்துக்கொண்டு மீசையை முறுக்கி இரண்டாவது கொட்டையை ஓங்கி வைத்தார். கோகுல் ஓடவில்லை. ஓடுவதற்கு அவனுக்கு அனுமதியும் இல்லை. விதிப்படி திறந்துதான் ஆகவேண்டும். திறந்தான், ராஜா இருந்தது. இரண்டு கொட்டையும் போயின.

அடுத்து அவன் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவன் லேசாகச் சிரித்தால் கவிழ்த்தார். கையில் ராஜாவும் பத்தும் இருந்தபோதும் கவிழ்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, என்னத்துக்குக் கவுத்துதீங்க?”

“அவன் மூஞ்சியப் பாரு. பெரிய சீட்டு வச்சிருக்கான்.”

“மாமா,” என்றான் கோகுல் பணிவாக, “எஞ்சீட்ட நானே இன்னும் பாக்கலியே.”

உண்மைதான். அவனுடைய மூன்று சீட்டும் போட்டது போட்டபடி குப்புறக் கிடந்தன. முப்பது வருட வித்தையை அண்ணாச்சி ஒன்றுமே தெரியாத முகத்தின்மேல் செலவழித்திருக்கிறார். முத்துசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள்.

“அப்ப எதப் பாத்து ஆட?”

“ஒங்க சீட்ட மட்டும். ராணி, ஆறு, நாலு. அதுவோ அதுக்கு மேலயோ வந்தா ஆடுங்க. இல்லன்னா கவுத்துருங்க. ஆனா எப்படி ஆடுனாலும், ஆடிக்கிட்டே இருந்தா கடைசில கப்பல்காரன்தான் செயிப்பான்.”

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். தன் ஆட்டுக்குச் சீக்கு என்று தானே சொல்லும் வியாபாரியை அவர் சந்தையில் கண்டதில்லை.

கடைசியில் இரண்டே கொட்டைகள் மிஞ்சின. ஒன்றை வைத்தார். சீட்டைப் பார்த்தார்: இரண்டு ஏழு, ஒரு மூன்று. ஜோடி. மற்றதையும் வைத்தார். கோகுல் திறந்தான். எட்டு. அடுத்தது ராஜா. மூன்றாவது சீட்டில் அவன் விரல் இருக்கும்போது முத்துசெல்வி கதவோரம் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். இவ்வளவு வேகமாகச் சீட்டைக் கலைக்கிறவன் மாமனாருக்காக ஒரு சீட்டை மாற்ற மாட்டானா என்று எனக்கும் நப்பாசைதான்.

எட்டு.

“எட்டு ஜோடி. எனக்கு,” என்று சொல்லிக் கொட்டைகளை எடுத்துக்கொண்டான். படுபாவி, போச்சு கல்யாணம் என்று நினைத்தேன். அவனோ எழுந்து, கையை ஒருமுறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரையைப் பார்த்து விரித்துக் காட்டினான். அங்கே ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

“அது என்னலே?”

“மேசைய விட்டு எந்திரிச்சா கேமராவுக்குக் கையக் காட்டணும் மாமா, ஒண்ணும் எடுக்கலன்னு. பழகிப்போச்சு.”

அண்ணாச்சி வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

“கையக் கொண்டால.”

துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். வெளியே அவர் முழங்கை ஒருமுறை குலுங்கியது.

கோகுல் திருதிருவென்று விழித்தான். “மாமா, இது எத்தன?”

கதவோரம் முத்துசெல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நான் பழக்கதோஷத்தில் எழுந்து வண்டியின் பின்கதவைத் திறக்கப் போய்விட்டேன்.