வாசலில் நின்றது யாருடைய யானை

பர்மாவில், மோல்மீன் பஸ் நிலையத்தில் கோ ஸேயாவின் தொண்டையை அறியாதவர்கள் கிடையாது. முடோன் போகும் லைன் வண்டிக்கு ஆள் கூப்பிட அவன் வாயைத் திறந்தால், பக்கத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட இறங்கி வந்துவிடுவார்கள். வெற்றிலைக் காவி ஏறிய பல், முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய லுங்கி, யாரையும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுத்தான் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். பதினோரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறான்.

அதே ஆள் இரவு எட்டு மணிக்குக் கொசுவலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குழைந்து குழைந்து பேசுவதை மற்ற டிரைவர்கள் கேட்டிருந்தால், அவன் மானம் கப்பலேறியிருக்கும். நல்லவேளை, அவர்கள் வீடெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

கொசுவலைக்குள் இருப்பவள் அவன் மகள் யூன் வதி. ஐந்து வயது. அவளுடைய அம்மா இன்ஸாலி தாய்லாந்து எல்லை தாண்டி மேசோட்டிலுள்ள தையல் தொழிற்சாலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன முதல் மாதம் பிள்ளை தூங்கவே இல்லை. காற்றில் கதவு அடித்தால் அழுகை. கூரையில் பெரிய பல்லி கத்தினால் அழுகை. கரண்ட் போய்விட்டாலோ தெருவையே கூட்டிவிடும் அழுகை. ஸேயாவுக்குக் கதை எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டு டோ மியாவிடம் ஓர் இளவரசன் கதையைக் கடன் வாங்கி வந்து சொன்னான். பிள்ளை கடைசிவரை கேட்டுவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன் அப்பே?" என்றது.

மறுநாள் வண்டி ஓட்டும்போதெல்லாம் அதையே யோசித்தான். அந்த நாட்டில் யாருக்கும் பிறந்த கிழமைதான் முதல் சொத்து. கிழமையை வைத்துப் பெயர், கிழமையை வைத்துக் கோயிலில் ஒரு மூலை, அந்த மூலையில் ஆளுக்கு ஒரு விலங்கு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், ஞாயிற்றுக்குக் கருடன். யூன் வதி புதன். புதன் காலை என்றால் தந்தமுள்ள யானை. நடுப்பகல் தாண்டிப் பிறந்தால் அது ராகுவின் வேளை, தந்தமில்லாத யானை. தன் மகள் காலையில் பிறந்தவள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அன்று இரவு தந்த யானை வீட்டுக்கு வந்தது.

கால் கழுவி, முகத்தில் லேசாகத் தனகா மரச்சாந்து பூசி, புத்தருக்கு மூன்று முறை விழுந்து கும்பிட்டு, வலைக்குள் போனதும் அவன் ஆரம்பிப்பான்: "யூன் வதியோட யானை இன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா?" அன்று அவளுக்கு என்ன நடந்ததோ அதுதான் யானைக்கும் நடக்கும். வகுப்பில் பாவாடையை நனைத்துவிட்டு அவள் அழுத அன்று, யானையும் நடுச்சந்தையில் அதே காரியத்தைச் செய்துவிட்டு அசடு வழிந்தது. மீன்காரி முதல் போலீஸ்காரர் வரை மூங்கில் படகு தேட வேண்டியதாயிற்று. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் மறுநாள் பள்ளிக்கூடம் போகத் தகராறே இல்லை.

முடிவு மட்டும் என்றும் மாறாது. "யானை இப்ப நம்ம வாசப்படிக்குக் கீழ வந்து நிக்குது. ரெண்டு தந்தமும் பளபளங்குது. அதைப் பார்த்ததும் இருட்டு அந்தாண்ட ஓடிருச்சு." இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் அவள் தூங்கியிருப்பாள். மீதி நாள் அவனே தூங்கியிருப்பான்.

இந்த ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்ஸாலி பத்து நாள் லீவில் வந்தாள். புத்தாண்டு அன்று காலை மூன்று பேரும் மலைமேல் கோயிலுக்குப் போனார்கள். கூடவே டோ மியாவும். அவரவர் கிழமை மூலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஸேயா மகளைத் தூக்கிக்கொண்டு தந்த யானை மூலைக்கு நடந்தான்.

"எங்க போறீங்க? அவ மூலை அந்தப் பக்கம்" என்றாள் இன்ஸாலி.

"எந்தப் பக்கம்? புதன்கிழமை இதுதானே."

"அவ மத்தியானம் பொறந்தவ. ராகு மூலைக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஸேயா சிரித்தான். "நான் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன் தாயே. பிள்ளை அழுத சத்தம் முதல்ல கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் மரமில்லுல பன்னெண்டு மணிச் சங்கு ஊதுச்சு. என் காதால கேட்டேன்."

"அன்னைக்குக் காலையில இருந்து கரண்டே இல்லையே, மறந்துட்டீங்களா? கரண்ட் வந்தப்புறம் ஒரு மணிக்குத்தான் சங்கு ஊதினாங்க. நர்ஸ் கடிகாரத்துல பன்னெண்டு இருபது. சீட்டு என் பெட்டியில இருக்கு. பெத்தவ நானா, நீங்களா?"

பதினோரு வருஷமாக அந்தச் சங்கைக் கேட்டுத்தான் அவன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். கடிகாரத்தைவிட அதை நம்பியவன். அப்படியே நின்றுவிட்டான். டோ மியாவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அடியாத்தி, ராகு பிள்ளையா இது! நிலாவை முழுங்குற ஆளாச்சே. அதான் இருட்டுன்னா இந்த ஆட்டம் ஆடுதா?" என்றாள். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் யூன் வதி அப்பாவின் தோளிலிருந்து இறங்கிப் போய், ராகு மூலையிலிருந்த மொட்டை முகத்து யானையைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. திரும்பி வந்து அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு கால் கழுவினார்கள், கும்பிட்டார்கள். அவன் ஆரம்பித்ததும் அவள் கேட்டாள்: "ரெண்டு வருஷமா நம்ம வாசல்ல நின்னது யாரோட யானை?"

"உன்னோடதுதான்டா கண்ணு."

"என்னோடதுக்குத் தந்தம் கிடையாது. அது வேற யாரோடதோ. அவங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

தந்தம் இனிமேல் முளைக்கும் என்று சொல்லிப் பார்த்தான். "பொய்" என்றாள். கழற்றிக் கழுவி வைத்திருக்கிறது என்றான். பதினொன்று அடித்தும் கண்ணைத் திறந்தபடி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாளும் அதே கதை. கரண்ட் வேறு போய்த் தொலைந்தது. பழைய அழுகை, முழு அழுகை, திரும்பி வந்துவிட்டது.

இன்ஸாலி சமையல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். நாளன்னைக்கு நான் பஸ் ஏறிடுவேன். உங்களுக்கு இவளைத் தூங்க வைக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் வந்து ஒடச்சுட்டேன்" என்றாள்.

ஸேயா வெற்றிலையைத் தேடினான். "நீ சொன்னது நிஜம்தானே. நாளைக்கு நீ போய் அவகிட்டப் படு" என்றான் கடைசியில்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, வலைக்குள் அம்மாதான் படுத்தாள். அவள் மகளுக்குக் கதை சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. எங்கே தொடங்குவதென்று தெரியாமல் மகளின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள். ஸேயா வலைக்கு வெளியே பாயில் கிடந்தான். பிள்ளை மெதுவாகக் கேட்டது:

"அமே, அப்ப என் யானை இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

வெளியே ஸேயா பாயிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எங்கூட இருந்துச்சு" என்றாள் இன்ஸாலி.

"மேசோட்லயா?"

"ஆமா. இங்க யாரும் அதைக் கூப்பிடலையா, நான் பஸ் ஏறுன அன்னைக்குப் பின்னாலயே வந்துருச்சு. அங்க ஒரு ரூம்ல நாங்க பன்னெண்டு பேரு. எனக்கும் ராத்திரி அழுகை வரும். சத்தமா அழ முடியாது, மத்தவங்க வைவாங்க. அப்ப அது வலையைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்து, எம் பக்கத்துல ஒருக்களிச்சுப் படுத்துக்கும்."

"யானை வலைக்குள்ள வருமா?"

"இதுதான் வரும். தந்தம் இருந்தா வலை கிழிஞ்சு போயிடாதா? அப்பாவோட யானை ஏன் வாசல்லயே நின்னுச்சுன்னு நெனச்ச?"

யூன் வதி எழுந்து உட்கார்ந்தாள். வலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். பிறகு அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு, தனக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுப் படுத்தாள். அது பெரிய யானைக்குப் போதாத இடம்தான். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். வெளியே படுத்திருந்தவனுக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. தன் பெண்டாட்டி ராத்திரியில் சத்தமில்லாமல் அழுகிறவள் என்று இரண்டு வருஷத்துப் போன் பேச்சில் அவனுக்குத் தெரிந்ததே இல்லை. வலைக்கு அடியில் கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

காலையில் மூன்று பேரும் பஸ்ஸுக்குப் போனார்கள். மூட்டையை மேலே ஏற்றும்போது யூன் வதி அம்மாவின் கையை இழுத்தாள்.

"என் யானையை எனக்கே குடுத்துட்ட. உனக்கு?"

"எனக்குக் கருடன் இருக்குல்ல. நான் ஞாயித்துக்கிழமை."

"அது பறந்து போயிடும். அப்பா யானையைக் கூட்டிட்டுப் போ. அது வாசல்ல சும்மாதானே நிக்குது."

பஸ்காரன் ஸேயாவுக்குத் தெரிந்தவன். விஷயம் புரியாமலே, "யானைக்கெல்லாம் மேல இடம் கிடையாதுப்பா, பின்னாலயே நடந்து வரச் சொல்லு" என்று கத்தினான். யூன் வதி சரியென்று தலையாட்டினாள். இன்ஸாலி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஏறினாள்.

மறுநாள் இரவு எட்டு மணிக்குப் போன் வந்தது. ஸேயா அதை மகளின் காதில் வைத்தான்.

"வந்து சேந்துச்சா?"

மறுமுனையில் தையல் மெஷின்களின் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டன. பிறகு இன்ஸாலி சொன்னாள்: "வந்துருச்சுடா. நடந்து வந்ததுல கால் வலியாம். வாசல்ல நிக்குது. இங்க இருட்டே இல்ல."

"சரி. நான் தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு யூன் வதி வலைக்குள் போனாள். சுவர்ப் பக்கம் இடம் விட்டாள். ஸேயா உள்ளே தலையை நீட்டி, "யூன் வதியோட யானை இன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"மெதுவா அப்பே" என்றாள் அவள். "அது தூங்கிருச்சு."