வைன் பிரஸ் யாருக்கு

கராஜுக்குள் இருந்தவர்கள்: வீட்டுக்கார அன்ரி. அவருடைய கணவரின் தம்பி. தெருமுனையில் முடிவெட்டும் சலூன் வைத்திருந்த கிழவர். என் அறைத்தோழன். நான்.

எண்பத்தாறாம் ஆண்டு. பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு மத்தியானம். வீடு சென் கிளயர் பக்கம், ஸ்ட்ரீட்கார் என்ற டிராம் ஓடுகிற வீதிக்கு ஒரு தெரு உள்ளே. பேஸ்மென்டில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். மேலே அன்ரி தனியாக இருந்தார். எங்கள் இருவரையும் தவிர மற்ற மூவரும் இத்தாலிக்காரர். எல்லோரும் பேசியது உடைந்த இங்கிலிஷ். எனக்கு எழுத வருவது தமிழ்தான். அதனால் அவர்கள் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

நடுவில் பிரஸ் நின்றது. திராட்சை பிழிகிற பிரஸ். மரச் சட்டங்களை வட்டமாக நிறுத்தி, மேலே இரும்புத் திருகு வைத்தது. அன்ரியின் கணவர் காலமான பிறகு, முந்தின இலையுதிர் காலத்தில், அன்ரி தானே திராட்சைப் பெட்டிகளை வாங்கினார். தானே பிழிந்தார். தானே பீப்பாவில் ஊற்றினார். இரவல் பிரஸ்ஸில் தன் வைனைப் பிழிந்த தம்பிக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பிளை பிழிஞ்சா புளிச்ச வினாகிரிதான் வரும். பிரஸ் என்ர அப்பான்ரை. என்னட்டைத் தா."

மாரி முழுக்க இதே பேச்சு. அன்ரிக்கு அலுத்துவிட்டது.

"உன்ரை வைன், என்ரை வைன் ரெண்டையும் குடிச்சுப் பாப்பம். உன்ரை நல்லதெண்டால் கொண்டு போ. என்ரை நல்லதெண்டால் இனிமேல் இந்தக் கதை எடுக்கக் கூடாது."

அவர் சரி என்றார். அன்றைக்கு வந்தபோதே தன் வான் வண்டியை வாசலில் ரிவேர்ஸ் பண்ணி, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டார். கட்டுவதற்குக் கயிறும் கொண்டு வந்திருந்தார்.

சொந்தக்காரர் மார்க் போடக்கூடாது என்று பேச்சு. சலூன்காரர் இத்தாலியில் வேறு ஊர்க்காரர். இருவரோடும் கோபம். அதனால் பொதுவானவர். எங்களுக்கு வைன் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் நாங்களும் பொதுவானவர்கள்.

தொடங்க முன்னமே தடங்கல். "அன்ரி, கதிரை எடுக்கட்டோ?" என்று நான் கேட்டேன். தம்பிக்காரர் எழும்பிவிட்டார்.

"அன்ரியோ? இவ உனக்கு மாமியோ? சொந்தமெண்டால் நீ மார்க் போடேலாது!"

என் தோழன்தான் சமாளித்தான். "ஐயோ, நாங்கள் பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவவையும் அன்ரி எண்டுதான் சொல்லுவம்."

"அப்ப நான் ஆர்?"

"நீங்கள் அங்கிள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இருந்தார். எனக்கு அவர் கடைசிவரை அங்கிள்தான்.

இரண்டு போத்தலும் பேப்பரில் சுற்றியிருந்தன. ஒன்றில் வெள்ளை நூல், மற்றதில் கறுப்பு நூல். எது யாருடையது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. அன்ரியுடையது நன்றாக வரவேண்டும் என்று என் மனம் சொன்னது. அதைத் தெரிந்துகொண்டு போட வழியில்லை. நல்லதுதான்.

சலூன்காரர் கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார். சுழற்றினார். மணந்தார். வாய்க்குள் வைத்து உருட்டினார். வாளிக்குள் துப்பினார்.

தோழன் என் காதுக்குள் சொன்னான். "அண்ணை, துப்புறார். அவ்வளவு மோசமோ?"

"தெரியேல்லை. நீ விழுங்கு. ஆரோ வீட்டில செய்த சாமான், துப்பக் கூடாது."

விழுங்கினோம். வெள்ளை நூல் கடும் நிறம். வாழைக்காய்த் தோல் மாதிரி நாக்கைப் பிடித்தது. நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது. சாராயம் பழகிய வாய்க்கு அது சரியாகப் பட்டது. கறுப்பு நூல் வெளிர்ச் சிவப்பு. கொஞ்சம் இனிப்பு. மெலிசு. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாமான் மாதிரி.

"வெள்ளை நூல் ஆம்பிளை" என்றார் சலூன்காரர். நாங்களும் தலையாட்டினோம். அவர் சோக்கட்டியை எடுத்து நிலத்தில் எழுதக் குனிந்தார். அங்கிள் கயிற்றைக் கையில் எடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வெள்ளை அவருடையது. அன்ரி பிரஸ்ஸின் திருகைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்ததுதான்.

தோழன் எழும்பினான்.

"பொறுங்கோ, பொறுங்கோ. கடிக்கிறதுக்கு பைட் இல்லாமல் என்னண்டு மார்க் போடுறது?"

பேஸ்மென்டுக்கு ஓடிப்போய் மாஜரின் பெட்டியோடு வந்தான். உள்ளே ஆட்டிறைச்சி. மிளகாய்த்தூள் போட்டுக் கறுக்க வறுத்தது. எங்கள் ஆட்கள் ஒரு மிடறு குடித்தால் ஒரு துண்டு கடிக்க வேண்டும். வெறும் வாயோடு குடித்துத் தீர்ப்புச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

சலூன்காரர் ஒரு துண்டு எடுத்தார். மென்றார். கண் சிவந்தது. பக்கத்திலிருந்த வெள்ளை நூல் போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்தார். குடித்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"நெருப்பு! நெருப்பு!"

கறுப்பு நூல் போத்தலைப் பிடித்து இழுத்தார். குடித்தார். நின்றார். இன்னொரு முறை குடித்தார். துப்பவில்லை.

நானும் அப்படியே செய்து பார்த்தேன். உண்மைதான். உறைப்புக்கு மேலே வெள்ளை ஏறினால் வாய் எரிந்தது. கறுப்பு ஏறினால் உறைப்பு அடங்கி, இறைச்சியின் ருசி மேலே வந்தது.

"இது கள்ளம்!" என்றார் அங்கிள். "வைனை வைனாக் குடிக்க வேணும்."

அன்ரி அப்போதுதான் வாய் திறந்தார். "நீ உன்ர வீட்டில வெறும் மேசையிலயோ வைன் குடிக்கிறனி? உன்ர அண்ணன் சாப்பாட்டுக்குத்தான் வைன் செய்தவர். கராஜில துப்புறதுக்கு இல்லை."

அங்கிள் ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கை தன்பாட்டில் கறுப்பு நூலுக்குப் போனது.

"அங்கிள், அது உங்கட போத்தில் இல்லை" என்றான் தோழன்.

"தெரியும். வாயை மூடு." குடித்தார். குடித்துவிட்டு அவரே முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சலூன்காரர் கோபத்தை மறந்து அவர் முதுகில் தட்டினார். அன்ரி உள்ளே போய் ஒரு பாண் ரொட்டி கொண்டு வந்து பிய்த்துக் கொடுத்தார். பெட்டி காலியானது.

"மார்க் போடுங்கோ" என்றார் அன்ரி. "சிரிச்சு ஏமாத்த வேண்டாம்."

ஆளுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று சொன்னோம். சலூன்காரர் முழங்காலில் இருந்து சோக்கட்டியால் கூட்டினார்.

வெள்ளை நூல், பத்தொன்பது.

அங்கிள் வெளியே போனார். வானின் பின்கதவை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, கயிறு இல்லாத கையோடு, அன்ரிக்குப் பக்கத்தில் நின்றார்.

கறுப்பு நூல், இருபத்தைந்து.