கறிக்கடை மூடும் நாளில் பிறந்தவள்

அக்டோபர் இரண்டு என்றாலே நாள்காட்டித் தாளில் இடம் போதாது. தேசத்தந்தை பிறந்த நாள். பின்னாளில் பிரதமரான இன்னொருவரும் அன்றுதான் பிறந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்ட முதலமைச்சர் கண்மூடியதும் அன்றுதான். உலகத்துக்கே அகிம்சை தினம் வேறு. அந்த வரிசையில் நானும் ஒருத்தி. நாள்காட்டிக்காரர்கள் இன்னும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களோடு சேர்ந்து பிறந்ததில் பெருமை உண்டு, பிரியாணி கிடையாது. அன்று கறிக்கடை திறக்கக் கூடாது என்பது அரசாங்க உத்தரவு. எங்கள் வீட்டில் அது இன்னும் கொடுமை, ஏனென்றால் அந்தக் கறிக்கடையே எங்களுடையது. வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்த என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), ஜமுனாமரத்தூர் போகிற வழியில் ஒரு ஊரின் பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கடை போட்டார். ஊருக்கு அவர் பாய். நான் பாய் பொண்ணு. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு அதே பெயர்தான். அத்தாவுக்குத் தோள் வலி வந்ததிலிருந்து கட்டையின் முன் கத்தியோடு நிற்பவள் நான். தொடை எலும்பை ஒரே வெட்டில் பிளப்பேன். அதைப் பார்ப்பதற்கென்றே நிற்கிறவர்கள் உண்டு.

எனக்கு மூன்று அண்ணன்கள். அவர்கள் பிறந்த நாளுக்கு வீட்டில் பிரியாணி மணக்கும், அத்தா கடையில் இருப்பார். என் பிறந்த நாளுக்கு அத்தா வீட்டில் இருப்பார், கறி இருக்காது. அவரே அடுப்படிக்குள் புகுந்து குஸ்காவும் கத்திரிக்காய்த் தொக்கும் செய்வார். கத்திரிக்காயையும் தொடைக்கறி மாதிரிதான் துண்டு போடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சாப்பிட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போளூர் பஸ் ஏறுவார். அல்வா, வளையல், கடைவீதியில் ஒரு சுற்று. எனக்கு முப்பது தாண்டியும் அது நிற்கவில்லை. ஆனாலும் சின்ன வயதில் அண்ணன்களின் பிரியாணியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

போன வருஷம் அதே நாளில்தான் கடைக்கு ஆபத்து வந்தது. அன்று கிராம சபை. எங்கள் கடைக்கு எதிரே டீக்கடையும் இரண்டு வாடகை அறைகளும் வைத்திருப்பவர், கறிக்கடையை ஓடைக்கு அப்பால் மாற்ற வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவருகிறார் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் தொங்குகிற ஆட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களாம். கழிவுநீர் ரோட்டில் ஓடுகிறதாம். இரண்டாவது உண்மைதான். அகிம்சை தினத்தில் சொன்னால் மறுபேச்சு இருக்காது என்று அவர் கணக்குப் போட்டார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை அது. கிராம சபை குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும்கூடத்தான் கூடுகிறது. அன்றெல்லாம் லீவு, கடையில் கூட்டம் நெரியும், நாங்கள் தலைநிமிர நேரமிருக்காது. கறிக்கடைக்காரர் சபைக்குப் போய் உட்காரக்கூடிய ஒரே நாள் அக்டோபர் இரண்டு. ஒயின் ஷாப்பும் அன்று மூடல். ஊர் மொத்தமும் தெளிந்த தலையோடும் கறி காணாத வயிற்றோடும் வந்து உட்காரும். அந்தச் சபையில் போய்க் கறிக்கடையைத் தூக்கச் சொல்லலாமா?

சபைக்குப் போக எனக்குத் தடையாக இருந்தவர் அத்தாதான்.

"இன்னா மீட்டிங்கு? இன்னிக்கு உன் நாளு. போளூர் போய்ட்டு வரலாம், கெளம்பு."

"கடையே போய்டும் அத்தா."

"அந்தாண்ட போனா இன்னா? எங்க போனாலும் பொழைச்சிக்கலாம்."

பொய். மழைக்காலத்தில் ஓடை ஓடினால் அந்தப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள், கடையை மூட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். எத்தனையோ ஆட்டை அடக்கிய மனுஷனுக்கு மைக் என்றால் பயம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த வருஷம் எனக்கு அல்வா வாணாம். என்கூட வந்து உக்காருங்க, அது போதும்" என்றேன். வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர் நன்றாகவே பேசினார். ஊராட்சித் தலைவரம்மா, "யாருக்காச்சும் மறுப்பு இருக்குதா?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் எங்களுக்கு வேண்டியவர்கள்தான், ஆனால் விடிந்தால் அவர் கடையில்தானே டீ குடிக்க வேண்டும். நான்தான் எழுந்தேன்.

"ஒரே ஒரு கேள்விங்க. இன்னிக்கு யார் வூட்லயாச்சும் கறிக்கொழம்பா?"

"எங்க வெக்கிறது? பாய் கடைதான் மூடிக்கீதே" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"ஒரு நாள் மூடுனதுக்கே மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு உக்காந்துகீறீங்க. இப்ப பஸ்ஸ வுட்டு எறங்கினா எதிர்ல கடை. ஓடைக்கு அந்தாண்ட போய்ட்டா, மழையில யாரு தாண்டறது? அப்புறம் வருஷம் பூரா உங்களுக்கு அக்டோபர் ரெண்டுதாங்க!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தலைவரம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ரோட்டில் தண்ணீர் ஓடுவது எங்கள் தப்புதான், உறிஞ்சுகுழி வெட்டுகிறோம், முன்னால் மறைப்பும் கட்டுகிறோம் என்று சொல்லி உட்கார்ந்தேன். கடையை மாற்றச் சொல்லித் தூக்கிய கைகள் இரண்டு. ஒன்று டீக்கடைக்காரருடையது, இன்னொன்று அவர் மச்சானுடையது. மச்சானின் கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

வெளியே வந்தபோது போளூர் பஸ் போய்விட்டிருந்தது. அத்தா அதைக் கண்டுகொள்ளவில்லை. பூட்டிய கடை முன்னால் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்க அண்ணனுங்க மூணு பேரும் பொறந்தப்ப நான் கடையில இருந்தேன். யாரோ ஓடியாந்து சொல்லித்தான் தெரியும். நீ பொறந்தன்னிக்குதான் கடை லீவு. மொதமொத நீ அழுதத வாசல்ல நின்னு என் காதால கேட்டேன்."

நான் கடைப் பூட்டைச் சும்மா ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

"இன்னிக்கும் லீவு. நீ பேசுனதையும் கேட்டுட்டேன்" என்றார்.