ஒரே நெஞ்சுக்கு இரண்டு எண்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கான ஆண்களின் நெஞ்சைப் பார்த்தவள் நான். இதைச் சொன்னால் என் மருமகள் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். நான் என்ன செய்வது, என் வேலை அப்படி. யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போகும் எக்ஸ்ரே வண்டியில் படமெடுப்பவளாக இருந்தேன்.

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட்டார்கள். "ஆம்பளைங்க சட்டையக் கயட்டற எடத்துல ஒனக்கு இன்னாடி வேல?" என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டேதான் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுப்பார்.

உண்மையில் அவர் பயப்பட எதுவுமே இல்லை. வண்டிக்குள் ஈயத் தடுப்புக்குப் பின்னால், சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர் எனக்கு முதுகைக் காட்டி, நெஞ்சைப் பலகையில் அழுத்தி நிற்பார். "மூச்ச இழுத்துப் புடிங்க" என்பேன். ஒரு விசை. அடுத்த ஆள். முகம் பார்க்க நேரமே கிடையாது. வெளியே எங்கள் அட்டெண்டர் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணையும் பேரையும் கத்திக்கொண்டிருப்பார்.

ஆனால் வரிசையில் நிற்கிறவர்களின் வாய் சும்மா இருக்காது. "எக்ஸ்ரே அக்கா, நேத்து துன்ன பிரியாணி தெரியுமா?" என்று ஒருவர் கேட்பார். "மனசுல யாரு கீறான்னு காட்டுமா? அப்படின்னா நான் வரல" என்பார் இன்னொருவர். நானும் சளைக்க மாட்டேன். "எல்லாம் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு காப்பி அனுப்பப்போறேன்" என்பேன். வரிசையே அதிரும்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் பயமும் இருந்தது. டி.பி. என்று தெரிந்தால் வேலை போய்விடும், கேன்டீனில் தனி டம்ளர் வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அதனால் படமெடுக்கும் நாளில் லீவு போடுகிறவர்கள் உண்டு. அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றையும் செய்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு நாள் படமெடுத்தோம். அந்த வண்டியின் படங்கள் சினிமா பிலிம் மாதிரி சுருளாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நெஞ்சு, மூலையில் ஒரு எண். சுருளைக் கழுவி உலர்த்துவதும் என் பொறுப்புதான். எங்கள் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முப்பது வயதிருக்கும். எப்போதும் அவசரம். எதையாவது கொறித்துக்கொண்டேதான் வேலை செய்வார்.

நாற்பத்தொன்றாம் எண்ணில் நிறுத்தினார். வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

"என்னம்மா, பிலிமைச் சரியா உலர்த்தலையா? தண்ணி சொட்டியிருக்கு பாரு."

எனக்குச் சுருக்கென்றது. பிலிம் கழுவுவதில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது என்ற கர்வம் எனக்கு. அவர் வேர்க்கடலை வாங்கப் போன நேரத்தில் சுருள் முழுவதையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வேறெங்காவது தண்ணீர்ச் சொட்டு இருந்தால் தப்பை ஒத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அவரை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கும் சொட்டு இல்லை. எண்பத்தேழாம் எண்ணில் மட்டும் இருந்தது. அதே வலப்பக்கம். அதே உயரம். அதே கடுகு.

இன்னும் உற்றுப் பார்த்தேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு இரண்டு படத்திலும் இடப்பக்கம் உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. ஒரே இடத்தில், ஒரே கோணல்.

டாக்டர் திரும்பி வந்ததும் இரண்டையும் அவர் முன்னால் நீட்டினேன். "டாக்டர், தண்ணி ஒரே இடத்துல ரெண்டு தடவை சொட்டுமா?"

அவர் மாறி மாறிப் பார்த்தார். வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. "இது சொட்டு இல்லம்மா. நெஞ்சுக்குள்ளேதான் இருக்கு. ஆனா இது ரெண்டு ஆளும் இல்ல, ஒரே ஆள்."

பட்டியலைப் பார்த்தோம். நாற்பத்தொன்று, ஸ்ப்ரே பெயிண்டர். எண்பத்தேழு, அசெம்பிளி ஃபோர்மேன். மறுநாளே தொழிற்சாலைக்குப் போய், முதலுதவி அறைக்கு இருவரையும் வரச் சொன்னோம்.

ஃபோர்மேன் இருமிக்கொண்டே வந்தார். ஐம்பது வயது. விரலிடுக்கு சிகரெட்டால் மஞ்சளாகியிருந்தது. பெயிண்டர் அவர் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அகன்ற மார்பு, சிரித்த முகம், அவரைப் பார்த்தால் நோயே ஓடிப்போகும் போலிருந்தது.

டாக்டர் எழுந்து போய் இருவரின் தோளையும் தடவிப் பார்த்தார். பெயிண்டரின் இடப்பக்கத்தில் கை நின்றது.

"இது எப்ப உடைஞ்சது?"

"அதுவா சார், சடுகுடுல. அண்ணனூர் டீமு அப்ப படா டீமு" என்றார் அவர் பெருமையாக.

"அப்ப, முந்தாநாள் ரெண்டு தடவை போட்டோவுக்கு நின்னது நீதானே?"

பெயிண்டரின் சிரிப்பு நின்றது. ஃபோர்மேன்தான் முதலில் உடைந்தார். "சார், அவன் மேல தப்பு இல்ல. எனக்கு ஆறு மாசமா இருமல். டி.பி.ன்னு வந்துச்சுன்னா வேல பூடும்னு பயம். இவன் நல்லா கல்லு மாரி கீறானேன்னு, எனக்குப் பதிலா நில்லுடான்னு நான்தான் அனுப்பினேன்."

"அண்ணாத்த எவ்ளோ செஞ்சிருக்காரு எனக்கு. ஒரு தபா நெஞ்சக் காட்டினா இன்னா தேஞ்சா பூடும்னு போனேன்" என்றார் பெயிண்டர்.

டாக்டர் மேனேஜ்மெண்டுக்குச் சொல்லவில்லை. ஃபோர்மேனை அன்றே வண்டியில் ஏற்றிப் படமெடுத்தேன். நுரையீரலில் நிழல் எதுவும் இல்லை, சளியிலும் கிருமி இல்லை. சிகரெட்டால் வந்த இருமல்தான். சுத்தமாக இருக்கிறவர் என்று நம்பி அனுப்பிய ஆளின் நெஞ்சில்தான் புள்ளி இருந்தது.

பெயிண்டருக்குப் பெரிய பிலிமில் படமெடுத்தபோது கடுகு எட்டணாக் காசாகத் தெரிந்தது. மூன்று நாள் சளியைச் சோதித்தோம். காசநோய் இல்லை. டாக்டர் பிலிமை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இது புத்துநோயா இருக்கலாம். பட்டணத்துல நெஞ்சு ஆபரேஷன் செய்யற டாக்டர்கிட்ட உடனே போகணும்" என்றார்.

அந்தக் காலத்தில் 'புத்து' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாயில் வரும், கர்ப்பப்பையில் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். நுரையீரலிலும் வரும், பீடி சிகரெட்டால் வரும் என்று சொன்னால் எங்களையே சந்தேகமாகப் பார்த்தார்கள். பெயிண்டர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பவர். "எனக்கு இருமலே இல்லையே டாக்டர். இருமறவருக்கு ஒண்ணும் இல்ல, இருமாதவனுக்கு கீதா? இது இன்னா நாயம்?" என்றார். மருத்துவமனைக்குப் போக மாட்டேன் என்று வேலைக்கே போய்விட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அண்ணனூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நூல் கம்பெனியில் பாக்கிங் வேலை செய்கிறவர். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அந்த வார்த்தையைச் சொன்னபோது மட்டும் முறம் நின்றது. பெயிண்டர் மூலையில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே கண்டுபுடிச்சா அறுத்து எடுத்துடலாமா, அக்கா?" என்று அவர் மனைவி கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அக்கா என்றார்.

"சின்னதா இருக்கறப்பவே எடுத்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. காத்திருந்தா பரவிடும். உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "ஊர்ல கீறவனுக்குப் பதிலா நெஞ்சக் காட்டப் போனே இல்ல? ஒனக்குன்னு ஒரு தபா போ. நாளைக்கே போறோம். நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பெயிண்டர் எழுந்து சட்டையைத் தேடினார், அப்போதே கிளம்புகிறவர் போல.

குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்றுதான் என்று உறுதி செய்தார்கள். நுரையீரலின் மேல்மடலை வெட்டி எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை. ஃபோர்மேன் வேலை முடிந்ததும் நாள் தவறாமல் பஸ் பிடித்துப் பட்டணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குற்ற உணர்ச்சியில் சிகரெட்டை விட்டார். அதற்குப் பதில் வெற்றிலையும் புகையிலையும் போட ஆரம்பித்தார். டாக்டர் கத்திய கத்தலில் அதையும் விட்டு, பாக்கெட் நிறைய பெப்பர்மிண்டோடு அலைந்தார். நாலாவது மாதம் மறுபடி சிகரெட், மறுபடி பெப்பர்மிண்ட். அவர் ஒழுங்காக விட்டு முடிக்க இரண்டு வருஷமானது.

பெயிண்டர் வேலைக்குத் திரும்பினார். பெயிண்ட் புகையில் நிற்கக் கூடாதென்று ஸ்டோருக்கு மாற்றினார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மற்றபடி அதே சிரிப்பு.

அடுத்த முறை எங்கள் வண்டி அந்த வாசலில் நின்றபோது, சொல்லாமலே வந்து வரிசை முன்னால் நின்றுகொண்டார். சட்டையைத் தூக்கினார். முதுகிலிருந்து அக்குள் வரை நீண்ட தழும்பு. "பாத்துக்கங்கடா. வலி இல்ல, இருமல் இல்ல, ஒண்ணுமில்ல. படம் எடுக்காம வுட்டிருந்தா எனக்கு மாலை போட்டிருப்பீங்க. எவனும் எவனுக்கும் பதிலா நிக்காதீங்க, அவனவன் நெஞ்ச அவனவன் காட்டு." அன்று ஒருவரும் லீவு போடவில்லை. பிரியாணி ஜோக்கும் யாரும் சொல்லவில்லை, கொஞ்ச நேரத்துக்கு.

எங்கள் படிவத்தில் இருமல், காய்ச்சல், எடை என்றுதான் கேட்டிருக்கும். பீடி, சிகரெட் பற்றி ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. நான் ஒவ்வொரு தாளிலும் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கட்டம் சேர்த்தேன். தொடர்ந்து சில வருஷங்களில் அந்தப் பேட்டையிலேயே இன்னும் இரண்டு பேருக்கு அது போன்ற நிழலைக் கண்டோம். ஒருவர் பிழைத்தார். கேன்டீனில் டீ போட்டவருக்கு நாங்கள் பார்க்கும்போதே பரவியிருந்தது. மூன்று மாதத்தில் போய்விட்டார்.

பெயிண்டர் தானாகவே ஒரு வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார். நிழல் என்று சொல்லப்பட்டவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது. தனியாகப் போகச் சொன்னால் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கல்யாணமாகி நான் வேலூர் பக்கம் போவதற்குச் சில வாரங்கள் முன்னால் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில், ரோலிங் மில் தொழிலாளி ஒருவரோடு நின்றிருந்தார். அந்த மனிதரின் முகம் வெளிறியிருந்தது. அவருடைய பெரிய எக்ஸ்ரே கவரை பெயிண்டர் தன் கக்கத்தில் வைத்திருந்தார். "மொத கவுண்டர்ல கூட்டமா இருக்கும்னு பயப்படாத நைனா, நமக்கு ரெண்டாவது. அங்க கீற நர்சம்மா கத்தும், ஆனா தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அந்த மனிதரை முன்னால் ஏற்றிவிட்டு, ஒரு படி ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இவரும் உள்ளே போனார்.